ஸ்கூபி டூ: நீங்க முதல்ல பார்த்தது முகமூடியா, நிஜப் பேயா?

தொலைஞ்ச_கண்ணாடி:

போன வாரம் அக்கா பையனுக்கு ஸ்கூபி டூ போட்டுக் காட்டினேன், நாலு பசங்களும் ஸ்கூபிங்கிற பேசுற நாயும் சேர்ந்து பேய் மர்மங்களைத் துப்பறியுற அமெரிக்க கார்ட்டூன். எட்டு வயசு. 1969ல வந்த முதல் எபிசோடுதான், மியூசியத்துல கறுப்புக் கவசம் போட்ட வீரன் நடமாடுவானே, அது. பத்து நிமிஷம்கூட ஆகல, "சித்தி, உள்ள ஆள் இருக்காங்க, அவ்வளவுதான்"னு சொல்லிட்டு எழுந்து போயிட்டான். எனக்குச் சப்புனு ஆயிடுச்சு.

ஏன்னா நான் இந்தத் தொடருக்குள்ள வந்த வாசலே வேற. நான் முதல்ல பார்த்தது 1985ல எடுத்த 13 பேய் சீரிஸ் (மறு ஒளிபரப்புலதான்). அதுல அந்த நாலு பேர்ல ஃப்ரெட்டும் கிடையாது, வெல்மாவும் கிடையாது. டாஃப்னி, ஷேகி, ஸ்கூபி, குட்டி நாய் ஸ்கிராப்பி, கூட ஃபிளிம் ஃபிளாம்னு ஒரு வாயாடிப் பொடியன். பூட்டி வெச்சிருந்த பெட்டியை ஷேகியும் ஸ்கூபியும் ஏமாந்துபோய்த் திறந்துடுவாங்க, 13 பேயும் வெளிய ஓடிடும். எல்லாமே அசல் பேய்! வழி சொல்ற மந்திரவாதிக்குக் குரல் கொடுத்தவர் பழைய திகில் பட நடிகர் வின்சென்ட் பிரைஸ். அவர் பேச ஆரம்பிச்சாலே நான் காலை மடக்கிச் சோஃபா மேல வெச்சுக்குவேன்.

அப்புறமாதான் பழைய எபிசோடுகளைப் பார்த்தேன். கடைசியில முகமூடியைக் கழட்டுவாங்க இல்லையா, எனக்கு அது புரியவே இல்ல. பேய் தப்பிச்சு ஓடிடுச்சு, இவங்க பாவம் யாரோ ஒரு பெரியவரைப் பிடிச்சுக் கட்டிப்போட்டுட்டாங்கன்னே ரொம்ப நாள் நினைச்சுட்டிருந்தேன்.

நீங்கல்லாம் எதுல ஆரம்பிச்சீங்க? எபிசோட் பேர் ஞாபகம் இல்லன்னா பரவால்ல, பேயைச் சொல்லுங்க, கண்டுபிடிச்சிடலாம்.


ஆழ்கடல்_ஆசாமி:

எனக்கு முதல் பேய் கேப்டன் கட்லர். பழங்கால நீர்மூழ்கி உடுப்பு, பெரிய தலைக்கவசம், உடம்பெல்லாம் ஒளிரும் கடற்பாசி. கடலுக்குள்ளிருந்து ஏறி வந்து மணலில் மெதுவாக நடப்பார். ஓடிவரும் பேய்க்கு நான் பயந்ததில்லை. அவசரமே இல்லாமல் நடந்துவரும் பேய்தான் என்னைக் கலங்கடித்தது.

ஆனால் உண்மையான சிக்கல் கடைசியில்தான். கவசத்தைக் கழற்றினால் உள்ளே இருப்பது கேப்டன் கட்லரேதான்! இறந்துவிட்டதாக ஊரை நம்பவைத்துவிட்டு, தன் பேயாகத் தானே வேஷம் போட்டுக்கொண்டு படகு திருடிய மனுஷன். பேயின் முகமூடிக்குள் அதே பேய் என்றால் ஆறு வயதுப் பிள்ளை என்ன முடிவுக்கு வரும்? வீட்டில் ஒவ்வொருவரிடமும் போய்க் கேட்டேன். யாரும் ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை.

இன்னொன்று. முதலில் வரைந்து காட்டியதைக் குழந்தைகளுக்கு அளவுக்கு மீறிப் பயமாக இருக்கிறது என்று தொடரை ஒளிபரப்பிய சிபிஎஸ் சேனல் மேலிடம் வேண்டாமென்றுவிட்டதாம். அதற்குப் பிறகுதான் நாயை முன்னால் நிறுத்திச் சிரிப்பைக் கூட்டினார்கள். கட்லரைத் தாண்டியும் பயமாக ஏதோ இருந்திருக்கிறது என்பதை என்னால் இன்றும் கற்பனை செய்ய முடியவில்லை.


காது_மட்டும்:

என் கதையை யாரும் நம்ப மாட்டீங்க. நான் ஸ்கூபி டூவை முதல்ல பார்க்கல, கேட்டேன்.

எங்க டிவியில படம் போயிடுச்சு, சத்தம் மட்டும் வரும். சரி பண்ண ரெண்டு மாசம் ஆச்சு. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் இருட்டுத் திரைக்கு முன்னாடி உக்காந்து கேட்டுட்டே இருப்பேன். இங்கிலீஷும் அப்போ அரைகுறை. அதனால பாதியை நானே இட்டுக்கட்டிக்கிட்டேன்.

முதல்ல காதுல விழுந்தது ஒரு சிரிப்பு. பாழடைஞ்ச விமானத் தளத்துல விண்வெளி உடுப்பு போட்ட மண்டை ஓடு ஒண்ணு சிரிக்குமே, அதுதான்னு பின்னாடி தெரிஞ்சது. எதிரொலியோட, நிறுத்தாம, வெறி பிடிச்ச மாதிரி. படம் இல்லாததால அந்தச் சிரிப்புக்கு என் இஷ்டத்துக்கு உடம்பு கொடுத்துக்கிட்டேன். பின்னாடி திரையில பார்த்த மண்டை ஓடு அதுல கால்வாசிகூட இல்ல.

அது போதாதுன்னு, அந்தக் காலத்து எபிசோடுகள்ல யாராவது ஜோக் அடிச்சா ஒரு கூட்டமே சிரிக்கும் பாருங்க, பதிவு பண்ணி ஒட்டின சிரிப்பு. அந்தப் பாழடைஞ்ச இடத்துல இவங்களுக்குத் தெரியாம முப்பது நாப்பது பேய் ஒளிஞ்சிருந்து சிரிக்குதுன்னு நான் நினைச்சேன். அவ்வளவு பேர் பக்கத்துலயே இருக்காங்க, இந்த முட்டாள்கள் ஒரே ஒரு பேயைத் தேடிட்டிருக்காங்களேன்னு கோபம் வேற.

இதெல்லாம்கூடப் பரவால்ல. ஸ்கூபி ஒரு நாய்னே எனக்குத் தெரியாது. எல்லா வார்த்தைக்கும் முன்னாடி "ர" போட்டு, தொண்டையில தண்ணி நிக்கிற மாதிரி "ரூபி ரூ"ன்னு பேசுற யாரோ பெரியப்பான்னு வெச்சிருந்தேன். ஏதோ உடம்புக்கு முடியாதவர், பிள்ளைங்க நல்ல மனசோட கூட்டிட்டுப் போறாங்க, அடிக்கடி பிஸ்கட் கொடுத்துப் பாத்துக்கிறாங்க. படம் திரும்பி வந்த அன்னிக்கு, பெரியப்பா நாலு காலோட வந்து நின்னார். நான் சிரிக்கலங்க. கொஞ்சம் அழுதேன்.

அதனாலயோ என்னவோ இன்னிக்கும் நான் குரலைத்தான் கவனிப்பேன். அந்தப் பெரியப்பா டான் மெசிக், 1997ல போயிட்டார். ஃப்ரெட்டுக்கு 1969லயே பேச ஆரம்பிச்ச ஃப்ராங்க் வெல்கர்தான் 2002லேருந்து ஸ்கூபிக்கும் பேசுறார். ஃப்ரெட் நாயைக் கூப்பிட்டு நாய் பதில் சொல்ற காட்சி வந்தா கண்ணை மூடிக் கேட்டுப் பாருங்க. ஒரே மனுஷன் தனக்குத்தானே பேசிட்டிருக்கார்.


பொடிநாய்_கட்சி:

ஸ்கிராப்பி வழியா வந்தவன் நான். கல்லெறியாதீங்க. 1979ல ரேட்டிங் விழுந்து தொடரையே நிறுத்திடலாமான்னு இருந்த நேரத்துல அந்தக் குட்டிதான் தூக்கி நிறுத்துச்சு. எல்லாரும் ஓடும்போது அவன் ஒருத்தன்தான் பேயைப் பார்த்து முஷ்டியை மடக்குவான். வகுப்புலயே குள்ளமா இருந்த எனக்கு அது பெரிய விஷயம். 2002 படத்துல அவனையே வில்லனாக்கினாங்களே, அந்த டைரக்டரை நான் மன்னிக்கல.


காது_மட்டும்:

@பொடிநாய்_கட்சி, சத்தம் மட்டும் கேட்டிருந்தா நீங்களும் அவனைச் சகிச்சிருக்க மாட்டீங்க :)


சதுப்பு_நிலம்:

கேள்வி கேட்டவங்களுக்கு நேர் எதிர் கேஸ் நான். பழைய எபிசோடுகளை ஒண்ணு விடாம பார்த்து, எந்தப் பேய் வந்தாலும் "நிலத் தகராறு", "புதையல்", "கள்ள நோட்டு"ன்னு முதல் அஞ்சு நிமிஷத்துலயே தீர்ப்பு சொல்ற பழுத்த ஆளாயிட்டேன். அப்புறம் ஒரு உறவுக்காரங்க வீட்டுல 1998ல வந்த ஜாம்பி தீவுங்கிற ஸ்கூபி டூ படத்தோட வீடியோ கேசட்டைப் போட்டாங்க.

ஆரம்பமே சரியில்ல. குழுவே கலைஞ்சு ஆளுக்கொரு வேலையில இருக்காங்க. லூசியானா சதுப்புக் காடு, இருட்டுன வண்ணம். ஃப்ரெட் வழக்கம்போல ஜாம்பியைப் பிடிச்சு, இது முகமூடின்னு இழுத்தார். தலையே கையோட வந்துடுச்சு.

தலை, சார். நான் ரிமோட்டைக் கீழ போட்டுட்டேன். அதைவிட மோசம் என்னன்னா (பார்க்காதவங்க இதைத் தாண்டிப் போயிடுங்க) அந்த ஜாம்பிகள் எச்சரிக்கத்தான் வந்திருக்காங்க. கெட்டவங்க வேற, நல்லா சிரிச்சுப் பேசி வீட்டுக்குள்ள கூப்பிட்டவங்க. இத்தனை வருஷம் கத்துக்கிட்ட பாடம் ஒரே ராத்திரியில செல்லாம போச்சு.

அக்கா பையனுக்கு இதைப் போடுங்க, எழுந்து போறானான்னு பார்ப்போம்.


தொலைஞ்ச_கண்ணாடி:

எட்டு வயசுக்கு ஜாம்பி தீவு வேண்டாம்னு என் அக்கா முந்திக்கிட்டா. அதனால நம்ம பழைய 13 பேயையே போட்டேன். இந்தத் தடவை எழுந்து போகல. முழுசா முடிச்சுட்டான்.

இன்னிக்குக் காலையில அக்கா போன்ல திட்டு. ராத்திரி லைட்டை அணைக்க விடலையாம். நான் மன்னிப்பு கேட்டேன், முகத்தைப் பார்க்க முடியாதது நல்லதாப் போச்சு. அப்புறம் அவன் போனைப் பிடுங்கி, 13வது பேயை இவங்க பிடிக்கவே இல்லையே, அது இப்போ எங்க இருக்குன்னு கேட்டான்.

தொடர் வந்து 34 வருஷம் கழிச்சு, 2019ல அதுக்குன்னே ஒரு படம் எடுத்தாங்கன்னு எனக்குத் தெரியும். தெரியாதுன்னு சொல்லிட்டேன்.