பட்டுக்கூட்டுல பூ, மாலை செஞ்சு வளைகாப்புக்குக் குடுக்கணும். கூடு எங்க வாங்குறது, பூச்சி வராம எப்படி வைக்குறது?

காரிமங்கலம்_கவி:
எல்லாருக்கும் வணக்கங்க. எனக்கு க்வில்லிங், டெரகோட்டா கம்மல் இதெல்லாம் கொஞ்சம் வரும், பசங்க ஸ்கூலுக்குப் போனப்புறம் உக்காந்து பண்றதுதான், விக்கிறதுக்கெல்லாம் இல்ல, விசேஷத்துக்குக் கடையில ஒரு டப்பா வாங்கிக் குடுக்குறதுக்குப் பதிலா கையால செஞ்சது ஏதாவது குடுத்தா வாங்குறவங்க மொகமே வேற மாதிரி ஆயிடுதுங்க. இப்ப எங்க நாத்தனாருக்கு ஏழாம் மாசம், வளைகாப்பு எங்க வீட்லதான். வர்றவங்களுக்குத் தாம்பூலப் பையோட ஒரு சின்ன பூ, நாத்தனாருக்கு ஒரு மாலை, ரெண்டுமே பட்டுக்கூட்டுல செய்யணும்னு ஆசை. நம்ம தர்மபுரியில கூடு மார்க்கெட்டே இருக்கு, சுத்தி எந்தப் பக்கம் போனாலும் மல்பெரித் தோட்டம், அத விட்டுட்டு ஃபேன்சி ஸ்டோர்ல போய் சாட்டின் ரிப்பன் வாங்க மனசு வரல.

கேக்க வேண்டியது இதுதான். மார்க்கெட்ல சில்லறையா கூடு குடுப்பாங்களா? உள்ள இருக்குற புழுவ என்ன பண்றது? கலர் போட்டா கூடு கரைஞ்சிடுமா? நாள்பட்டா நாத்தம், வண்டு எதாவது வருமா, புள்ளத்தாச்சி கழுத்துல போடுறதுன்னால பயமா இருக்கு. செஞ்சு பாத்தவங்க கொஞ்சம் விவரமா சொல்லுங்க.

மாரண்டஹள்ளி_தோட்டம்:
நாங்க புழு வளக்குறவங்கம்மா, அதனால கூட்டப் பத்தி மட்டும் சொல்றேன், பூ கட்டுற வேலைக்கு வேற யாராவது வருவாங்க.

மார்க்கெட்ல நடக்குறது ஏலம். வெவசாயி கொண்டாந்து கொட்டுவாங்க, நூல் எடுக்குற ரீலருங்க ஏலத்துல எடுப்பாங்க. அரைக் கிலோ ஒரு கிலோன்னு அங்க போய்க் கேக்குறது வேலைக்கு ஆகாது. உங்க பக்கத்துல யார் மனை போட்டு புழு வளக்குறாங்கன்னு பாருங்க, நேரா அவங்ககிட்ட போயிடுங்க. போனதும் நல்ல கூடு கேக்காதீங்க. ஒவ்வொரு பேட்ச்லயும் கழிவுன்னு ஒன்னு ஒதுக்குவோம். ரெண்டு புழு சேந்து ஒரே கூடு கட்டியிருக்கும், இரட்டைக் கூடுன்னு சொல்வோம், உள்ள ரெண்டு இழையும் ஒன்னோட ஒன்னு பின்னிக்கிட்டு நூல் ஒழுங்கா பிரியாது, அத ரீலர் நல்ல வெலைக்கு எடுக்க மாட்டார். ஆனா அது நல்லா பெருசா கெட்டியா இருக்கும், உங்க வேலைக்கு ரொம்ப நல்லது. பட்டுப்புழு மேல முட்டை வைக்கிற ஊசி ஈயோட புழு ஓட்ட போட்டது, சந்திரிகையில (புழு கூடு கட்டுறதுக்கு விடுற தட்டி) அழுந்தி கோணையானது, லேசா கறை பட்டது, இதெல்லாம் கழிவுதான். கறை பட்ட எடத்த வெட்டிப் போட்டுட்டா மிச்சம் சுத்தமா இருக்கும். ஒரு நல்ல கூட்டுல ஆயிரம் மீட்டருக்கு மேல ஒரே இழையா ஓடும்மா, அத கத்தரியால வெட்டுறத பாத்தா வளக்குறவன் வயிறு எரியும். அதான் கழிவ எடுத்துக்குங்கன்னு சொல்றேன்.

அளவுக்கு ஒரு கணக்கு: வெள்ளக் கூடு, அதாவது பைவோல்டின், புழுவோட ஒரு கிலோவுக்கு ஏறக்குறைய 500லருந்து 600 வரைக்கும் நிக்கும். உங்க விசேஷத்துக்கு ஒரு கிலோவே தாராளம்.

முக்கியமானது நாள். சந்திரிகையில விட்டதுலருந்து ஏழு எட்டு நாளைக்குள்ள கூடு பிரிச்சுடுவோம். அதுக்கப்புறம் சும்மா கூடையில போட்டு வச்சா சில நாள்லயே உள்ள இருக்குற புழு அந்தா, அதாவது பட்டுப்பூச்சியா மாறி கூட்ட ஓட்ட போட்டு வெளிய வந்துடும், வர்றப்ப அந்த முனையில பழுப்பா கறை பண்ணிடும். அதனால வாங்கின அன்னிக்கோ மறுநாளோ வேலைய முடிச்சிடுங்க. கூட்டோட ஒரு முனைய மட்டும் கூரான பிளேடால மெதுவா வட்டமா அறுத்து, தலகீழா தட்டினா கூட்டுப்புழு முழுசா விழுந்துடும். புழு மேல பிளேடு படக்கூடாது, அது ஒடஞ்சா வர்ற தண்ணி கூட்டுல எறங்கிடும், அந்தக் கறையும் போகாது வாடையும் போகாது. புழு உரிச்சுப் போட்ட சட்டை ஒன்னு பழுப்பா சருகு மாதிரி அடியில கெடக்கும், அதையும் தட்டி எடுத்துடுங்க. விழுந்த புழுவ கோழிக்குப் போட்டா அடிச்சுக்கிட்டு திங்கும்.

நீங்க கேட்ட நாத்தம், வண்டு ரெண்டும் வர்றது உள்ள செத்துக் கெடக்குற புழுவாலதான். புழுவ எடுத்துட்டு நிழல்ல நல்லா காய வச்ச வெறுங்கூட்டுல வாடையே இருக்காது.

ஓசூர்_கைவேலை:
அண்ணா கூட்டப் பத்தி முழுசா சொல்லிட்டாங்க, நான் பூவுக்கு வர்றேன். கவி, மொதல்ல கூட்டு மேல பஞ்சு மாதிரி ஒட்டிக்கிட்டு இருக்கும் பாருங்க, அத வெரல்ல சுத்தி உருவி எடுத்துடுங்க, இல்லன்னா கலர் திட்டுத் திட்டா புடிக்கும். தூக்கிப் போடாதீங்க, பூவுக்கு நடுவுல வைக்க அதவிட நல்லது எதுவும் கெடையாது.

கலர்: கூடு கெட்டியா நிக்கிறதே செரிசின்னு ஒரு பசை இருக்குறதாலதான். கொதிக்கிற தண்ணியில போட்டீங்கன்னா அந்தப் பசை எளகி கூடு தொவண்டுடும். அதனால கை பொறுக்குற சூடு மட்டும் போதும். கேக்குக்குப் போடுற ஃபுட் கலர், அதோட கொஞ்சம் வினிகர், அதுல கூட்ட அமுக்கி வைங்க, பட்டு அந்தக் கலர நல்லா புடிச்சுக்கும். வெளிர் நெறம் வேணும்னா சீக்கிரம் எடுத்துடுங்க, அடர்த்தியா வேணும்னா ராத்திரி முழுக்க விடுங்க. கலர் வாங்காம செய்யணும்னா பெரிய வெங்காயத் தோல தனியா நல்லா கொதிக்க வச்சு வடிகட்டி, வெதுவெதுன்னு ஆனப்புறம் துளி படிகாரம் கலந்து ஊற வைங்க, பழைய பித்தளை மாதிரி ஒரு நெறம் வரும், எனக்கு அதுதான் ரொம்பப் புடிக்கும். செண்டுமல்லியிலயும் இதே மாதிரி எடுக்கலாம், ராயக்கோட்டைப் பக்கம் வெல எறங்குற நேரத்துல கூடை கூடையா கெடைக்கும். மஞ்சத் தூள் மட்டும் வேண்டாம், போட்டன்னிக்கு பளிச்சுன்னு இருக்கும், வெயில் பட்டுச்சுன்னா வெளுத்துடும்.

இப்ப வெட்டுறது. அறுத்த முனையிலருந்து கீழ் வரைக்கும், அடிய விட்டுட்டு, அஞ்சு கீறல் போட்டா அஞ்சு இதழ். ஒவ்வொரு இதழையும் நுனியில கத்தரியால உருட்டி விடுங்க. அப்புறம் ஒன்னு செய்வேன், அதுலதான் அழகே இருக்கு. கூட்டோட சுவர் ஒரே தகடு இல்ல, அடுக்கடுக்கா இருக்கும். வெட்டின எடத்துல நகத்தால லேசா நெருடினா தோல் மாதிரி ரெண்டா மூணா பிரியும். வெளி அடுக்கு சொரசொரன்னு தடிப்பா இருக்கும், உள் அடுக்கு வெளிச்சத்துல காட்டினா வெரல் தெரியுற அளவுக்கு மெல்லிசா வழவழன்னு இருக்கும். தடிச்சத வெளியயும் மெல்லிசா உள்ளத உள்ளயும் வச்சா ஒரே கூட்டுல ரெட்டை அடுக்குப் பூ. ஈரமா இருக்கும்போதே இதழ எந்தப் பக்கம் வளைக்கிறீங்களோ காஞ்சப்புறம் அப்படியே நின்னுடும், அதே பசைதான் திரும்ப இறுகிடுது. அடியில ஊசியால ஓட்ட போட்டு மெல்லிசு கம்பிய ஏத்தி, பச்சை டேப் சுத்திடுங்க. ஒட்டுறதுக்கு ஃபெவிகால் போதும், குளூ கன் வச்சா நூல் நூலா தொங்கி கூட்டு மேல பளபளன்னு தெரியும், எனக்குப் பாக்கவே புடிக்காது.

பென்னாகரம்_மலர்:
புழுவ எடுக்குறது கஷ்டமா இருந்தா இன்னொரு வழியும் இருக்குங்க. முட்டை உற்பத்திக்கு வைக்கிற கூட்டுல அந்து தானா வெளிய வந்துடும், அந்த ஓட்டைக் கூடு நூலுக்கு ஆகாது, ஆனா பூவுக்கு ஆகும். எங்க அம்மா பூ செய்யிறாங்கன்னா அந்தக் கூடா பாத்துதான் வாங்குவாங்க, புழு இருக்குறத வெட்ட அவங்களுக்கு மனசு வராது. கறை இருக்குற முனைய மட்டும் வெட்டணும்.

மஞ்சக் கூடு கெடைச்சா கலரே போட வேண்டாம், ஆனா அந்த மஞ்சள் அதிகமா பசையிலதான் இருக்கு, சுடுதண்ணி பட்டா போயிடும், வெயில்லயும் மங்கும், அதனால கழுவாம நிழல்லயே காய வச்சு அப்படியே செய்ங்க.

காரிமங்கலம்_கவி:
இவ்ளோ சொல்வீங்கன்னு நெனைக்கலங்க, ரொம்ப நன்றி எல்லாருக்கும். பக்கத்து ஊர்ல ஒருத்தர் புழு வளக்குறாராம், அவருக்குக் கூடு பிரிக்கிற நாள் எதுன்னு இன்னிக்கே கேட்டுடுறேன். மாலைக்கு மட்டும் ஒரு சந்தேகம். ஓசூர் அக்கா, கழுத்துல போட்டா கனமா இருக்குமா, அரிக்குமா?

ஓசூர்_கைவேலை:
கனமே இருக்காது, ஒரு வெறுங்கூடு அரை கிராம் கூட வராது, நூறு கூடு கோத்தாலும் சம்பங்கி மாலையில கால்வாசி கனம்தான் இருக்கும். அரிக்கிறது வெட்டின ஓரத்தாலதான், அதனால பின்கழுத்துல படுற ஒரு சாண் நீளத்துக்குக் கூடே வைக்காம பட்டுத் துணிய நாடாவா மடிச்சுத் தைச்சுடுங்க. ஏழாம் மாசத்துல அந்தப் புள்ள எவ்ளோ நேரம் மணையில உக்காரணும், வேர்வை வேற, அந்த எடம் மெத்துன்னு இருந்தாதான் நல்லது. கோக்குறப்ப ரெண்டு கூட்டுக்கு நடுவுல ஒரு மணி போடுங்க, இல்லன்னா கூடு ஒன்னுக்குள்ள ஒன்னு சொருகிக்கிட்டு மாலை சுருங்கிடும். சந்தனம், குங்குமம் பூசுறப்ப மாலை மேல பட்டுச்சுன்னா போகாது, அதனால நலங்கு முடிஞ்சப்புறம் மாலையப் போடச் சொல்லுங்க.

மாரண்டஹள்ளி_தோட்டம்:
எடுத்து வைக்கிறதுக்கு அந்து உருண்டை போடாதீங்கம்மா, புள்ளத்தாச்சி இருக்குற வீடு. மூடி இறுக்கமா இருக்குற டப்பா போதும், எப்பவாவது எடுத்து நிழல்ல காத்தாட வைங்க. அப்புறம் கூடு வாங்கப் போறப்ப அட்டைப் பெட்டியோ கூடையோ கொண்டு போங்க, பாலிதீன் பையில கட்டிக் கொண்டாந்தா உள்ள புழு வேர்த்து வீடு வர்றதுக்குள்ள கறை வந்துடும்.