பிள்ளைகளுக்குப் போட அறிவியல் புனைகதைப் படங்கள்: உதவி தேவை

வணக்கம் உறவுகளே. கிளிநொச்சியில் எங்கள் ஊர்ச் சனசமூக நிலையத்தில் மார்கழி விடுமுறைக்குப் படம் போட இருக்கிறோம். புரொஜெக்டர் கிடைத்துவிட்டது, வெள்ளை வேட்டிதான் திரை.

எனக்கு மிகப் பிடித்தது 2015இல் வந்த 'தி மார்ஷியன்'. செவ்வாயில் தனித்துப்போனவன் ஹைட்ரசீன் என்ற ராக்கெட் எரிபொருளிலிருந்து தண்ணீர் உண்டாக்கி உருளைக்கிழங்கு நடுவான். அந்த இடம் வந்ததும் அப்பா கதிரையை முன்னுக்கு இழுத்துப் போட்டுக்கொண்டார். இரணைமடுக் குளத்தின் நீர்மட்டம் பார்த்து விதைக்கிறவர். "தண்ணி எடுத்திட்டான், இனிப் பிழைச்சிடுவான்" என்றார்.

அடுத்தது 'அரைவல்' (2016). வேற்றுக்கிரகவாசிகளின் வட்ட எழுத்தை ஒரு மொழியியலாளர் மெல்ல மெல்லப் படித்தெடுக்கும் கதை. எத்தனை தரம் பார்த்தாலும் அலுக்காது. தமிழில் 'இன்று நேற்று நாளை' கட்டாயம் உண்டு.

முதல் இரண்டுக்கும் நல்ல தமிழ் சப்டைட்டில் யாரிடமாவது இருக்கிறதா? அப்புறம், 1966இல் தொடங்கிய 'ஸ்டார் ட்ரெக்' தொடரில் 10 முதல் 14 வயதுப் பிள்ளைகளுக்கு எந்தப் பகுதியைப் போடலாம்? வேறு படங்கள் இருந்தாலும் சொல்லுங்கோ. குண்டுச் சத்தம் கூடியவை மட்டும் வேண்டாம். பிள்ளைகளோடு வரும் பெரியவர்கள் பலருக்கு அது தாங்காது.