டை-பிரேக் (சம பாயின்ட் வந்தால் யார் முதலிடம் என்று தீர்க்கும்) விதியை எப்போது அறிவிப்பது? பிள்ளை ஆடும்போது பெற்றோர் நடுவராக இருக்கலாமா?

கேள்வி (ஃபீனிக்ஸ், டர்பன், தென்னாப்பிரிக்கா)

எல்லோருக்கும் வணக்கம். எனக்குச் சொந்த ஊர் கோவில்பட்டி. டர்பன் வந்து ஒன்பது வருஷம் ஆகிறது. இங்கே ஒரு கோவில் மண்டபத்தில் சனிக்கிழமைதோறும் செஸ் வகுப்பு நடக்கிறது. 2024 டிசம்பரில் குகேஷ் உலக சாம்பியன் ஆன பிறகு பிள்ளைகள் கூட்டம் கூடிவிட்டது. முன்பு பத்துப் போர்டு போதும், இப்போது பாய் விரித்துத் தரையிலும் உட்கார வைக்கிறோம். போன மாதம் பொதுக்குழுவில் போட்டிச் செயலாளர் பொறுப்புக்கு யார் என்று கேட்டபோது நான் கை தூக்கினேன். அதற்குக் காரணம் போன வருஷம் நடந்த ஒரு விஷயம்.

12 வயதுக்குட்பட்ட பெண்கள் பிரிவில் 24 பேர், ஆறு ரவுண்டு. என் மகளுக்கும் இன்னொரு பெண்ணுக்கும் ஆளுக்கு 5 பாயின்ட். மூன்றாவது ரவுண்டில் அந்தப் பெண் என் மகளை ஜெயித்திருந்தாள். அன்று மத்தியானமே கரண்ட் போய் லேப்டாப்பும் அணைந்துவிட்டது. பரிசளிப்புக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது மேசைக்குப் பின்னால் மூன்று பேர் நின்று பேசினார்கள். நேருக்கு நேர் ஆடிய ஆட்டத்தைப் பார்க்க வேண்டும் என்றார் ஒருவர். எதிராளிகள் எடுத்த பாயின்ட்களைக் கூட்டிப் பார்க்கும் புக்கோல்ஸ்தான் சரி என்றார் இன்னொருவர். பேரிங் (யாருக்கு யார் எதிராளி என்ற பட்டியல்) ஒட்டியிருந்த தாளின் பின்பக்கம் பென்சிலால் கூட்டிப் பார்த்தார்கள். என் மகளுக்கு 22, அந்தப் பெண்ணுக்கு 20.5. கோப்பை என் மகளுக்கு வந்தது.

கார் நிறுத்தியிருந்த இடத்துக்குப் போனால், அந்தப் பெண் கண்ணாடியை ஏற்றிவிட்டு உள்ளே உட்கார்ந்திருந்தாள். மூன்றாவது ரவுண்டு ஸ்கோர்ஷீட்டை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். அவள் அம்மா இந்த ஊர்த் தமிழர், நான்கு தலைமுறையாக இங்கே இருப்பவர்கள். கோபமாகவெல்லாம் பேசவில்லை. "எந்த விதிப்படி?" என்று மட்டும் கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. அந்தக் கோப்பை எங்கள் வீட்டு அலமாரியில்தான் இருக்கிறது. தூசி தட்டும்போதெல்லாம் அந்தக் கேள்வி நினைவுக்கு வருகிறது.

அதே நாளில் பையன்கள் பிரிவில் இன்னொரு தகராறு. தொட்ட காயையே ஆட வேண்டும், எதிராளி அப்படி ஆடவில்லை என்று ஒரு பையன் கை தூக்கினான். தீர்ப்புச் சொல்ல வந்த நடுவர், எதிரே உட்கார்ந்திருந்த பையனின் அப்பா. அவர் சரியாகத்தான் சொன்னார் என்று நினைக்கிறேன். ஆனால் அன்று மண்டபத்தில் அதை யாரும் நம்பவில்லை.

இந்த வருஷம் செப்டம்பர் 24, பாரம்பரிய தின விடுமுறையன்று போட்டி. அறுபது பிள்ளைகளுக்கு மேல் வருவார்கள் போலிருக்கிறது. புரட்டாசி மாதம் என்பதால் சாப்பாட்டுக்கு பீன்ஸ் 'பன்னி சௌ' (ரொட்டியைக் குடைந்து உள்ளே பீன்ஸ் கறி நிரப்பியது) மட்டும்தான், அதில் யாருக்கும் சண்டை இல்லை. நான் கேட்பது இவைதான்: டை-பிரேக் விதியை எப்போது, எப்படி அறிவிப்பது? பிள்ளை ஆடாத பெரியவர் எங்களிடம் ஒருவர்கூட இல்லை, அப்படியானால் யாரை நடுவராகப் போடுவது? இன்னொன்று, பொதுக்குழுவில் மூன்று பிள்ளைகளை அனுப்பும் குடும்பத்துக்கு மூன்று ஓட்டா, ஒன்றா? போன தடவை இதிலேயே ஒரு மணி நேரம் போய்விட்டது.

பதில் 1 (பிரிட்டோரியா)

அக்கா, நான் மதுரைக்காரன். இங்கே நடுவர் பயிற்சி முடித்துவிட்டு வார இறுதிப் போட்டிகளில் வேலை பார்க்கிறேன். டை-பிரேக்கை முன்கூட்டியே முடிவு செய்து அறிவிக்க வேண்டும் என்பது ஃபிடே (உலக செஸ் கூட்டமைப்பு) விதியிலேயே இருக்கிறது. நுழைவுப் படிவத்திலேயே அச்சடித்துவிடுங்கள். காசு கட்டும்போதே பெற்றோர் படித்திருப்பார்கள்.

ஏன் முன்கூட்டி என்பதற்கு உங்கள் கதையே போதும். புக்கோல்ஸ் என்பது எதிராளிகள் எடுத்த பாயின்ட்களின் கூட்டல், அவ்வளவுதான். வலுவானவர்களோடு மோதியவருக்குக் கூடுதலாக வரும். ஆனால் முதல் ரவுண்டில் யார் எதிரே உட்காருகிறார்கள் என்பது நம் கையில் இல்லை. அதனால்தான் 'கட்-1' என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். எதிராளிகளில் மிகக் குறைந்த பாயின்ட் எடுத்தவரை விட்டுவிட்டுக் கூட்டுவார்கள். இரண்டு பிள்ளைகளின் எதிராளிகளும் எத்தனை பாயின்ட் எடுத்தார்கள் என்று அந்தத் தாளில் இருக்கிறதா? இருந்தால் இங்கே போடுங்கள், பார்க்கலாம்.

சிறுவர் போட்டிக்கு நான் வைக்கும் வரிசை: முதலில் நேருக்கு நேர், அடுத்து புக்கோல்ஸ் கட்-1, பிறகு முழு புக்கோல்ஸ். அதிலும் தீராவிட்டால் இரண்டு பேருக்கும் கோப்பை. நேருக்கு நேரை முதலில் வைப்பது ஏன் என்றால், பத்து வயதுப் பிள்ளைக்கு அதை ஒரே வரியில் சொல்லிப் புரியவைக்கலாம். மற்ற நடுவர்கள் வேறு வரிசை சொல்வார்கள். அது பரவாயில்லை, எழுதி ஒட்டிய பிறகு மாற்றக் கூடாது.

நேரக் கணக்கு: 64 பேர் என்றால் எல்லா ஆட்டமும் ஜெயித்தவர்கள் 32, 16, 8, 4, 2, 1 என்று குறைந்து ஆறு ரவுண்டில் ஒருவர் தனியாக நிற்பார், டிரா இல்லாத பட்சத்தில். ஆளுக்கு 15 நிமிஷம், நகர்த்தலுக்கு 10 விநாடி கூடுதல் என்று வைத்தால், 60 நகர்த்தல் போனாலும் ஓர் ஆட்டம் 50 நிமிஷத்தில் முடியும். ஒன்பது மணிக்கு முதல் ரவுண்டு தொடங்கினால் சாப்பாட்டு இடைவேளையும் சேர்த்து நாலரைக்குள் பரிசளித்துவிடலாம். ஐந்து மணிக்கு மேல் பிள்ளைகள் களைத்துப் போய், ஜெயிக்க வேண்டிய ஆட்டத்தைக் கோட்டைவிடுவார்கள்.

கரண்ட் விஷயம். டிஜிட்டல் கடிகாரம் பேட்டரியில் ஓடும், பிரச்சினை லேப்டாப்புக்கும் பிரின்டருக்கும்தான். நான் ஒவ்வொரு பிள்ளைக்கும் உள்ளங்கை அளவில் ஓர் அட்டை வைத்திருக்கிறேன். பெயர், ஒவ்வொரு ரவுண்டிலும் எதிராளி, வெள்ளையா கறுப்பா, முடிவு. ரவுண்டு முடிந்ததும் கையால் எழுதிவிடுவேன். லேப்டாப் போனாலும், ஒரே பாயின்ட் உள்ள அட்டைகளை மேசையில் அடுக்கினால் அடுத்த பேரிங் போட்டுவிடலாம். ஒருமுறை ஆடியவர்கள் மறுபடி மோதக் கூடாது, ஒரே நிறம் மூன்று முறை தொடர்ந்து வரக் கூடாது. இரண்டும் அட்டையைப் பார்த்தாலே தெரியும்.

தொட்ட காய் தகராறுக்கு ஒன்று சொல்கிறேன். பெற்றோரை ஆடும் இடத்துக்கு உள்ளே விடாதீர்கள். முதல் ரவுண்டு தொடங்கி இரண்டு நிமிஷம் படம் எடுக்கட்டும், பிறகு வெளியே. பாதித் தகராறு குறைந்துவிடும்.

பதில் 2 (மிட்ராண்ட்)

பிரிட்டோரியா தம்பி சொல்வது பெரிய போட்டிக்குச் சரி. எங்களைப் போன்ற சின்னக் கிளப்பில் எல்லோருமே அம்மா அப்பாக்கள்தான். பிள்ளை ஆடாதவர் மட்டுமே நடுவர் என்றால் மண்டபத்துக்குப் பூட்டுத்தான் போட வேண்டும்.

நாங்கள் மாற்றிப் போடுகிறோம். பெண்கள் பிரிவில் மகள் ஆடும் அப்பா பையன்கள் பிரிவைப் பார்ப்பார். அங்கே மகன் ஆடும் அம்மா இந்தப் பக்கம் வருவார். அதற்கும் மேல், மேல்முறையீட்டுக்கு மூன்று பேரும் மாற்றாள் இரண்டு பேரும் என்று காலையிலேயே பெயர் எழுதி ஒட்டிவிடுவோம். தகராறில் யாருடைய பிள்ளை இருக்கிறதோ அவர் விலகிக்கொள்ள மாற்றாள் வருவார். இதை எழுதி வைத்த பிறகு மேல்முறையீடே வரவில்லை.

விதியை முன்கூட்டிச் சரியாகச் சொல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதில் எனக்குச் சொந்த அனுபவம் உண்டு. சில வருஷம் முன்பு ஒரு தேர்வுப் போட்டிக்கு என் மகனை அழைத்துப் போனேன். தேசிய ஜூனியர் போட்டிக்கான அணித் தேர்வு. முதல் ஐந்து இடம் எடுத்தவர்களுக்கு அணியில் இடம் என்று சொல்லியிருந்தார்கள். அவன் ஐந்தாவதாக வந்தான். சாயங்காலம் பட்டியல் வந்தபோது நான்கு பேர்தான் வரிசைப்படி, ஐந்தாவது இடம் பயிற்சியாளர்கள் தேர்வு என்றார்கள். டிராக்சூட், பஸ், தங்குமிடம் எல்லாம் பெற்றோர் செலவுதான், அதையெல்லாம் தயார் பண்ணி வைத்திருந்தோம். திரும்பி வரும்போது காரில் அவன் என்னிடம், "அம்மா, ஐந்து என்று எண்ணினது நான் தப்பா?" என்று கேட்டான். பயிற்சியாளர் தேர்வு என்று ஓர் இடம் வைப்பது தப்பில்லை. காலையில் சொல்லியிருந்தால் நாங்கள் நான்காவது இடத்துக்குத்தான் ஆடியிருப்போம்.

அப்புறம், யாரும் சொல்லாத ஒன்று. பிள்ளைகளோடு வேலை பார்க்கும் ஒவ்வொருவருக்கும், பயிற்சியாளர், நடுவர், பஸ்ஸில் கூடப் போகிறவர் உட்பட, படிவம் 30 போட்டுவிடுங்கள். தேசியக் குழந்தைப் பாதுகாப்புப் பதிவேட்டின் 'பி' பகுதியில், அதாவது பிள்ளைகளோடு வேலை பார்க்கத் தகுதியற்றவர்கள் பட்டியலில், அவர் பெயர் இல்லை என்று சமூக மேம்பாட்டுத் துறை பார்த்துச் சொல்லும். பதில் வர நாளாகும், செப்டம்பருக்கு இப்போதே போட வேண்டும். தெரிந்தவர்தானே என்று விடாதீர்கள்.

பதில் 3 (பீட்டர்மரிட்ஸ்பர்க்)

அம்மா, எனக்கு வயது எழுபத்தாறு. இங்கேயே பிறந்தவன். சனிக்கிழமைப் பள்ளியில் நாற்பது வருஷம் தமிழ் சொல்லிக்கொடுத்தேன், செஸ்ஸும் அங்கேயே.

நீங்கள் ஓட்டு பற்றிக் கேட்டீர்கள், அதற்கு மட்டும் சொல்கிறேன். நாங்கள் இளைஞர்களாக இருந்தபோது எந்த மண்டபத்தில் ஆடலாம் என்பதை எங்கள் தோல் நிறம் முடிவு செய்தது. கோவில் மண்டபத்தில் எங்களுக்குள்ளேயே ஆடிக்கொண்டோம். 1974-ல் பிரான்ஸின் நீஸ் நகரில் செஸ் ஒலிம்பியாட் நடந்தபோது, இனப்பாகுபாட்டுக்காக ஃபிடே தென்னாப்பிரிக்காவை வெளியேற்றியது. செய்தியைப் பேப்பரில் படித்துவிட்டு நாங்கள் சந்தோஷப்பட்டோம், அதே சமயம் மனசு கனத்தது. நம் நாட்டுப் பெயர் அல்லவா. 1992 மணிலா ஒலிம்பியாடில்தான் திரும்ப ஆடினார்கள். 18 வருஷம். அதன் பிறகு இன்னும் 22 வருஷம் போய், 2014-ல், கேப் டவுனின் மிட்செல்ஸ் பிளெயினிலிருந்து வந்த கென்னி சாலமன் நாட்டின் முதல் கிராண்ட்மாஸ்டர் ஆனார். அன்று வகுப்பில் பிள்ளைகளுக்கு லட்டு கொடுத்தேன்.

சங்கத்தின் விதிப் புத்தகத்தில் யார் உறுப்பினர், யாருக்கு ஓட்டு என்பதை முதல் பக்கத்தில் எழுதுங்கள். ஃபிடேயில் ஒரு நாட்டுக்கு ஓர் ஓட்டு. பெரிய நாடானாலும் மொரீஷியஸ் ஆனாலும் ஒன்றுதான். 2022-ல் சென்னையில் நம் ஆனந்த் துணைத் தலைவர் ஆன தேர்தலும் அப்படித்தான் நடந்தது. நீங்களும் குடும்பத்துக்கு ஓர் ஓட்டு என்று வையுங்கள். ஒரே பிள்ளை உள்ள வீடும் மூன்று பிள்ளை உள்ள வீடும் சமமாக உட்காரட்டும். வராதவருக்குப் பதில் ஓட்டுப் போடுவதென்றால் ஒருவர் கையில் ஒரு கடிதம் மட்டும். ஒரே ஆள் பையில் பதினொரு கடிதத்தோடு வந்து தலைவரான பொதுக்குழுவை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். அந்தச் சங்கம் அடுத்த வருஷமே கலைந்து போனது.

வங்கிக் கணக்குக்கு இரண்டு கையெழுத்து. இருவரும் ஒரே வீட்டுக்காரர்களாக இருக்கக் கூடாது.

கேள்வி கேட்டவர்

மூன்று பேருக்கும் நன்றி. ஐயா, உங்கள் பதிலை என் கணவருக்கு வாசித்துக் காட்டினேன், இரண்டு முறை வாசிக்கச் சொன்னார்.

தம்பி கேட்ட தாளைத் தேடி எடுத்துவிட்டேன். என் மகளின் எதிராளிகள் எடுத்தது 5, 4, 4, 3.5, 3.5, 2. கூட்டினால் 22. அந்தப் பெண்ணின் எதிராளிகள் எடுத்தது 5, 4.5, 4, 4, 3, 0. கூட்டினால் 20.5. அந்தப் பூஜ்யம் இரண்டு மாதம் முன்புதான் காய் நகர்த்தக் கற்றுக்கொண்ட ஒரு குட்டிப் பெண், ஆறு ஆட்டமும் தோற்றாள். கட்-1 போட்டால் என் மகளிடம் 2 போய் 20, அந்தப் பெண்ணிடம் பூஜ்யம் போய் அதே 20.5. நேருக்கு நேர் பார்த்தாலும் அவள்தான். முழு புக்கோல்ஸில் மட்டும்தான் என் மகள். அந்த ஒன்றைத்தான் அன்று எடுத்திருக்கிறார்கள்.

மகளை உட்கார வைத்துக் கூட்டச் சொன்னேன். இரண்டு முறை கூட்டினாள். பிறகு ரொம்ப நேரம் தாளையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அவளுக்கு ஃபோன் பண்ணலாமா?" என்றாள். நேற்றுப் பேசினோம். அந்த அம்மா முதலில் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, 24-ஆம் தேதி மகளை அழைத்து வருகிறேன் என்றார், பெண்கள் பிரிவில் அல்லாமல் பையன்கள் பிரிவில் மேசை பார்க்கத் தானும் வருவதாகச் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை கமிட்டியில் மூன்று தீர்மானம் கொண்டு போகிறேன்: டை-பிரேக் வரிசை படிவத்தில், பெற்றோர் பிரிவு மாற்றம், குடும்பத்துக்கு ஓர் ஓட்டு. படிவம் 30 ஆறு பேருக்கு எடுத்து வைத்திருக்கிறேன். தம்பி, அந்த அட்டையின் மாதிரி ஒன்றைப் படம் எடுத்து இங்கே போட முடியுமா? எழுபது அட்டை வெட்ட வேண்டும், மகளும் அவளுமாக உட்கார்ந்து வெட்டுகிறோம் என்கிறார்கள்.