டீச்சர்ஸுக்கு உருப்படியான டெக் கம்யூனிட்டி எது? சொல்லுங்களேன்

எல்லாருக்கும் வணக்கம், ஒரு உதவி வேணும். நான் கணக்கு டீச்சர், கிளாஸ்ல ஜியோஜீப்ரா (கிராஃப், ஜியோமெட்ரி படமெல்லாம் வரைஞ்சு காட்டற கணக்கு சாஃப்ட்வேர்) யூஸ் பண்றேன். அது 2001லயே ஆரம்பிச்ச ப்ராஜெக்ட், மத்த டீச்சர்ஸ் செஞ்சு வச்ச ஆக்டிவிட்டி அவங்க சைட்லயே கொட்டிக் கிடக்கு, எடுத்து நமக்கு ஏத்த மாதிரி மாத்திக்கலாம், ஆனா எதை எந்த இடத்துல காட்டினா பசங்களுக்குப் புரியும்னு பேசிப் பார்க்கத்தான் ஆள் இல்ல. ஒருநாள் ட்ரெயினிங்ல எந்த பட்டன் எங்க இருக்குன்னு சொல்லித் தர்றாங்க, அதுக்கப்புறம் கிளாஸ்ல மாட்டிக்கிட்டா யாரைக் கேட்கறது?

நான் சேர்ந்த குரூப் பலதுல லிங்க் மட்டும்தான் வந்து விழுது, கேள்வி கேட்டா பதிலே இல்ல.

ஐஎஸ்டிஇ (ISTE, கல்வில டெக்னாலஜி யூஸ் பண்றதுக்கான சர்வதேச அமைப்பு) கம்யூனிட்டில யாராவது இருக்கீங்களா, காசு கட்டிச் சேர்றது வொர்த்தா? இல்ல ஒரே பாடம் எடுக்கற பத்துப்பேர் மாசம் ஒருமுறை வீடியோ கால்ல பேசற மாதிரி சின்ன குரூப் இருந்தாலும் சொல்லுங்க, என்கிட்ட இருக்கற ஒர்க்‌ஷீட் எல்லாம் ஷேர் பண்றேன்.