மீன் பெயரெல்லாம் கேள்விக்குறியாக விழுகிறது, உதவி வேண்டும்

வணக்கம், பாம்பனிலிருந்து எழுதுகிறேன். அப்பாவின் நாட்டுப்படகுக் கணக்கு நோட்டை வலைப்பக்கமாக்க வேண்டும் என்று 3 மாதமாக பிஎச்பி நிரல்மொழியும் மைஎஸ்க்யூஎல் தரவுத்தளமும் நானே படித்து வருகிறேன். படிவத்தில் 'நெத்திலி' என்று தட்டிச் சேமித்தால் அட்டவணையில் '????????' என்று விழுகிறது, எண்ணிப் பார்த்தேன், சரியாக 8. எடை, விலை, தேதி எல்லாம் ஒழுங்காக ஏறுகின்றன, பெயரை ஆங்கிலத்தில் அடித்தாலும் ஏறுகிறது. அப்பாவுக்குத் தமிழ் மட்டும்தான் படிக்க வரும்.

விண்டோஸ் 10 மடிக்கணினி, இவற்றை அதிலேயே ஓட்டும் எக்ஸாம்ப் மென்பொருள். 9 நாளாக இதே பிரச்சினை. பக்கத்தின் தலைப்பகுதியில் தமிழை ஏற்கும் யுடிஎஃப்-8 எழுத்துக் குறியாக்கம் கொடுத்தேன், தரவுத்தள இணைப்பில் செட்_சார்செட் வைத்து அதன் மைஎஸ்க்யூஎல் பெயரான யுடிஎஃப்8எம்பி4 ஆக்கினேன், அப்புறம் பிஎச்பிமைஅட்மினில் தரவுத்தளத்தின் கொலேஷனையும் (எழுத்துகளை ஒப்பிட்டு வரிசைப்படுத்தும் விதி) மாற்றினேன். சேமிப்பதற்கு முன் எக்கோ செய்து திரையில் காட்டினால் பெயர் தமிழிலேயே வருகிறது, அதனால் அட்டவணைக்குள் போகும் இடத்தில்தான் கெடுகிறது என்று நினைக்கிறேன். நேற்றுதான் கவனித்தேன், அட்டவணையில் மீன் பெயருக்கான பத்தியில் (நெடுவரிசையில்) இன்னும் தமிழ் எழுத்து இல்லாத லத்தீன்1_ஸ்வீடிஷ்_சிஐ என்றே நிற்கிறது. நோட்டைப் பார்த்துப் பார்த்து ஏற்றிய 2 மாதக் கணக்கு உள்ளே இருக்கிறது, கைவைக்கப் பயமாக இருக்கிறது.

ஏற்றிய கணக்கு கெடாமல் அந்தப் பத்தியை யுடிஎஃப்8எம்பி4-க்கு மாற்ற என்ன கட்டளை கொடுக்க வேண்டும்?