சிம்பொனி சீசன் புத்தகத்தின் கடைசிப் பக்கத்துப் பெயர்கள்: இவர்களுக்கெல்லாம் என்ன வேலை?

கடைசிவரிசை:

மேற்கத்திய சிம்பொனி கேட்கும் பழக்கம் தொற்றிச் சில வருடங்கள் ஆகின்றன. பெரும்பாலும் இணைய நேரலைதான். ஒவ்வொரு குழுவும் அடுத்த சீசனின் கச்சேரிகளை அறிவித்ததும் அந்தப் புத்தகத்தை இறக்கி, அட்டை முதல் அட்டை வரை மேய்வது என் பொழுதுபோக்கு. முன்னால் கையை விரித்து நிற்கும் நடத்துநர், அடுத்துப் பியானோ மேல் சாய்ந்த ஒரு நட்சத்திரம். கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் ஒரு பட்டாளமே இருக்கிறது: தலைமை நிர்வாகி, கலை நிர்வாகி, கலைஞர் மேலாளர், நூலகர், மேடை மேலாளர், நன்கொடைப் பிரிவு, இன்னும் என்னென்னவோ.

என்ன வாசிப்பது என்று முடிவு செய்வது நடத்துநர்தானே? அப்புறம் கலை நிர்வாகி எதற்கு? நூலகர் என்பவர் பீத்தோவன் நோட்டுகளை அலமாரியிலிருந்து எடுத்துக் கொடுப்பவர் என்றால், அது ஒரு முழுநேர வேலையா? இந்தத் துறையில் இருப்பவர்கள் யாராவது சொல்லுங்கள். விக்கிப்பீடியா படித்துவிட்டேன், அதை இங்கே ஒட்ட வேண்டாம்.

தாள்காரன்:

அலமாரி என்றதும் சிரித்துவிட்டேன். அந்த அலமாரிக்காரன் நான்தான். நடுத்தர அளவிலான ஒரு குழுவின் நூலகத்தில் வேலை பார்க்கிறேன். எந்தக் குழு என்று கேட்காதீர்கள்.

நடத்துநர் விஷயத்தை முதலில் முடித்துவிடலாம். முதன்மை நடத்துநர் வருடம் முழுக்க எங்களோடு இருப்பவர் இல்லை. பத்துப் பன்னிரண்டு வாரம் கிடைத்தால் நல்ல வருடம். மற்ற வாரங்களுக்கு விருந்தினர்கள். பெயர் பெற்ற கலைஞர்களின் தேதிகள் இரண்டு மூன்று வருடம் முன்பே போய்விடும். ஆகவே நீங்கள் இன்று நேரலையில் கேட்கும் கச்சேரி, அன்றைக்கே கலை நிர்வாகியின் அட்டவணையில் பாதி ஏறியிருக்கும். அந்தப் பாதியை முழுசாக்குவதுதான் அவர் வேலை. பியானோக் கலைஞர் அந்த சீசனில் இரண்டே கான்செர்ட்டோதான் (தனிக் கருவியும் குழுவும் சேர்ந்து வாசிக்கும் படைப்பு) கைவசம் என்பார். அதில் ஒன்றைப் போன வருடம்தான் வாசித்திருப்போம். சரி, மற்றது. விருந்தினர் நடத்துநர் அதோடு பிராம்ஸின் முதல் சிம்பொனி வேண்டும் என்பார். அதை முதன்மை நடத்துநர் ஏற்கெனவே தனக்கென்று எடுத்து வைத்திருப்பார். இப்படியே மின்னஞ்சல் போகும், வரும். நடத்துநரின் விருப்பத்துக்கு எடை அதிகம், மறுக்கவும் உரிமை உண்டு. ஆனால் ஓர் ஆள் ஒரு நாள் உட்கார்ந்து சீசனை முடிவு செய்தார் என்று எதுவும் நடப்பதில்லை.

அடுத்தது எண்கள். எங்களிடம் ஒவ்வொரு படைப்புக்கும், எந்தக் கருவிக்கு எத்தனை பேர் என்று ஓர் எண்வரிசை உண்டு. பிராம்ஸ் முதல் சிம்பொனி என்றால் 2 2 2 3 – 4 2 3 0. கோட்டுக்கு முன்னால் புல்லாங்குழல், ஓபோ, கிளாரினெட், பஸூன். பின்னால் ஹார்ன், ட்ரம்பெட், டிராம்போன், டியூபா. டிம்பனியும் தந்திக் கருவிகளும் தனிக் கணக்கு. அந்த 3 டிராம்போன்காரர்கள் கடைசிப் பகுதி வரும்வரை ஒரு சுரம்கூட ஊத மாட்டார்கள். சம்பளம் மட்டும் முழுசாகப் போகும். ஸ்ட்ராவின்ஸ்கியின் 'ரைட் ஆஃப் ஸ்பிரிங்' வந்தால் 8 ஹார்ன், புல்லாங்குழல் முதல் பஸூன் வரை ஒவ்வொன்றிலும் 5 பேர். நிரந்தரமாக நாலைந்து ஹார்ன்காரர்களை வைத்திருக்கும் குழு மீதிப் பேரை வெளியிலிருந்துதான் அழைக்க வேண்டும். அழைத்ததுதான் அழைத்தோம் என்று பக்கத்து வாரத்திலும் ஒரு பெரிய படைப்பைச் சேர்த்துவிடுவார்கள். ரசிகர்கள் 'இந்த மாதம் பிரமாண்டம்' என்று எழுதுவார்கள். பின்னால் இருப்பது ஹார்ன் கணக்கு.

இனி என் அலமாரி. பீத்தோவன், பிராம்ஸ் போன்றவர்களின் தாள்கள் சொந்தமாக இருக்கும். ஷோஸ்டகோவிச் அப்படி இல்லை. அவர் இறந்தது 1975-இல். இறந்து 70 வருடம் என்ற ஐரோப்பியக் கணக்குப்படி 2045 முடியும்வரை உரிமை இருக்கிறது. ஆகவே பதிப்பாளரிடம் வாடகைக்கு எடுக்க வேண்டும். பெட்டியைத் திறந்தால் முன்னால் வாசித்த குழுக்களின் பென்சில் எழுத்து மொத்தமும் உள்ளே இருக்கும். இந்த இடத்தில் மூக்குக் கண்ணாடி படம் (கவனம் என்று அர்த்தம்), அந்த இடத்தில் 'நடத்துநரைப் பார்!' என்ற எச்சரிக்கை. நமக்கு வேண்டாததை அழித்த பிறகுதான் உண்மையான வேலை தொடங்கும்.

அதாவது வில். எந்தச் சுரத்தில் வில் மேலே போக வேண்டும், எதில் கீழே இறங்க வேண்டும் என்று கன்சர்ட் மாஸ்டர், அதாவது முதல் வயலின்களின் தலைவர், தன் தாளில் குறிப்பார். அது இரண்டாம் வயலின் தலைவருக்குப் போகும், அங்கிருந்து வயோலா, செல்லோ, டபுள் பேஸ். ஒவ்வொருவரும் தங்கள் பகுதியை அதற்கு ஒத்துப்போகும்படி குறிப்பார்கள். அல்லது ஒத்துப்போக மறுப்பார்கள். பஞ்சாயத்து முடிந்ததும் அதைத் தாள் வைக்கும் ஒவ்வொரு ஸ்டாண்டுக்கும் நான் கையால் படியெடுக்க வேண்டும். 16 முதல் வயலின், 14 இரண்டாம் வயலின், 12 வயோலா, 10 செல்லோ, 8 பேஸ். இருவருக்கு ஒரு ஸ்டாண்டு. ஆக 30 படிகள், ஒவ்வொன்றிலும் நாற்பது நிமிட சிம்பொனி. மென்மையான பென்சில் மட்டும், பேனா கூடவே கூடாது. இதெல்லாம் முதல் ஒத்திகைக்குச் சில வாரம் முன்பே முடிந்திருக்க வேண்டும், ஏனென்றால் கலைஞர்கள் வீட்டில் பயிற்சி செய்ய அந்தத் தாள்தான் வேண்டும். ஒத்திகையில் நடத்துநர் சாதாரணமாக 'இங்கே வில்லை மாற்றிக்கொள்வோமா?' என்பார். அந்த 'வோமா'வில் நானும் அடக்கம் என்பது அவருக்குத் தெரியாது.

இன்னொரு விஷயம். எந்தப் படைப்பு என்பதை நாங்கள் ஸ்ருதியும், அந்த இசையமைப்பாளரின் படைப்புப் பட்டியலில் உள்ள எண்ணும் போட்டுத்தான் எழுதுவோம். வெறும் 'மொசார்ட் கான்செர்ட்டோ' என்று எழுதினால் திட்டு விழும். ஆம்ஸ்டர்டாமில் ஒரு மதிய நிகழ்ச்சியில் பியானோக் கலைஞர் மரியா ஜுவாவ் பிரெஸ் வேறொரு மொசார்ட் கான்செர்ட்டோவுக்குத் தயாராகி வந்து உட்கார்ந்தார். குழு டி மைனர் கான்செர்ட்டோவைத் தொடங்கிவிட்டது. ரிக்கார்டோ ஷாயி நடத்திக்கொண்டே அவருக்குத் தைரியம் சொல்ல, அவர் அதை நினைவிலிருந்தே வாசித்து முடித்தார். காணொளி இணையத்தில் இருக்கிறது. எல்லோரும் அவர் நினைவாற்றலைப் பார்த்து வியக்கிறார்கள். நான் பார்க்கும்போது, ஏதோ ஒரு கடிதத்தில் கான்செர்ட்டோ எண் எப்படி எழுதப்பட்டிருந்ததோ என்றுதான் யோசிப்பேன்.

வயோலா மூன்றாம் ஸ்டாண்டு:

தாள்காரரே, நீங்கள் எழுதிக் கொடுக்கும் வில்லைத்தான் நான் வாசிக்கிறேன் (வேறு குழுவில், ஆனால் எல்லாத் தாள்காரர்களும் ஒரே கையெழுத்து). கலைஞர் மேலாளரைப் பற்றி ஒரு வரிகூடச் சொல்லாமல் தாண்டிவிட்டீர்கள். சீசனில் நாங்கள் உண்மையாகவே பயப்படுவது அவருக்குத்தான்.

ஒத்திகை என்பது கடிகாரம். அமெரிக்கக் குழுக்களில் பொதுவாக இரண்டரை மணி நேரம், நடுவில் இடைவேளை. பிரிட்டனில் மூன்று மணி. மேலாளர் கையில் கடிகாரத்தோடு ஓரத்தில் நிற்பார். நேரம் ஆனதும் நடத்துநர் எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும் நிறுத்த வேண்டும். ஐந்து நிமிடம் கூடினாலும் மேடையில் இருக்கும் எண்பது பேருக்கும் கூடுதல் சம்பளம். காலையில் ஒருவர் காய்ச்சல் என்று சொன்னால் மாலைக்குள் அதே தரத்தில் ஒரு மாற்று ஆளை உட்கார வைப்பதும் அவர்தான்.

மாற்று ஆள் விவகாரத்தில் ஒரு குழுவே பிறந்திருக்கிறது. லண்டன் குயின்ஸ் ஹால் குழுவில், நல்ல கூலி வேறெங்காவது கிடைத்தால் தனக்குப் பதில் ஒருவரை அனுப்பிவிட்டுப் போய்விடும் வழக்கம் இருந்தது. ஒத்திகைக்கு ஒருவர், கச்சேரிக்கு இன்னொருவர். ஹென்றி வுட் நடத்திய அந்தக் குழுவில் இதற்குத் தடை போட்டதும் ஒரு பெரிய கூட்டம் வெளியேறி 1904-இல் லண்டன் சிம்பொனி ஆர்கெஸ்ட்ராவைத் தொடங்கியது. இன்றும் அது வாசிப்பவர்களே நடத்தும் குழு.

நடத்துநர்தான் எஜமானர் என்று நினைக்கும் கடைசிவரிசைக்கு இன்னும் இரண்டு. வியன்னா ஃபில்ஹார்மோனிக்கில் 1933-க்குப் பிறகு முதன்மை நடத்துநரே கிடையாது, எல்லோரும் விருந்தினர்கள்தான். பெர்லின் ஃபில்ஹார்மோனிக் கலைஞர்கள் தங்கள் முதன்மை நடத்துநரை ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள். 2015 மே மாதம் நாள் முழுக்க உட்கார்ந்தும் முடிவு வரவில்லை. ஜூன் மாதம் கிரில் பெட்ரென்கோ தேர்வானார், பதவி ஏற்றது 2019-இல். அந்த நாலு வருட இடைவெளிதான் தாள்காரர் சொன்ன அட்டவணை.

கடைசிவரிசை:

இருவருக்கும் பெரிய நன்றி. இனி ஹார்ன் எண்ணாமல் கேட்க முடியாது போலிருக்கிறது. ஆனால் பணத்தை யாரும் தொடவில்லையே? அரங்கம் நிறைந்திருக்கிறது, சீட்டு விலையும் குறைவில்லை, பிறகு ஏன் ஒவ்வொரு புத்தகத்திலும் நாலு பக்கம் நன்கொடையாளர் பெயர்? அப்புறம், காய்ச்சல் நடத்துநருக்கே வந்தால்?

தாள்காரன்:

பணம் என் மேசைக்கு வராத விஷயம். ஆனால் இதற்குப் பதில் எல்லோருக்கும் தெரியும். அரங்கம் நிறைந்தாலும் பெரும்பாலான குழுக்களில் சீட்டு வருமானம் செலவை ஈடுகட்டாது. பீத்தோவனின் ஐந்தாம் சிம்பொனிக்கு 1808-இல் எத்தனை கைகளும் எத்தனை நிமிடமும் தேவைப்பட்டனவோ, ஏறக்குறைய அதே அளவு இன்றும் தேவை. தொழிற்சாலை மாதிரி ஆளைக் குறைத்து வேகத்தைக் கூட்ட முடியாது, ஆனால் சம்பளம் ஊரோடு சேர்ந்து ஏறத்தான் வேண்டும். பவுமால், போவன் என்ற இரு பொருளாதார அறிஞர்கள் இதை 1966-லேயே விளக்கிவிட்டார்கள். மீதியை யார் போடுவது என்பதில்தான் நாட்டுக்கு நாடு வித்தியாசம். ஜெர்மனியில் பெரும்பாலும் மாநிலமும் நகராட்சியும். அமெரிக்காவில் கொடையாளர்களும் அவர்கள் விட்டுப்போன நிதியும். பாஸ்டன் சிம்பொனியை 1881-இல் தொடங்கிய ஹென்றி லீ ஹிக்கின்சன் பல பத்தாண்டுகள் துண்டு விழும் தொகையைத் தன் பையிலிருந்தே போட்டார். இன்று ஹிக்கின்சன்கள் கிடைப்பதில்லை, அதனால்தான் அந்த நாலு பக்கம். நன்கொடைப் பிரிவைக் கலைஞர்கள் கேலி செய்வதுண்டு. நான் செய்வதில்லை, என் பென்சில் செலவும் அவர்கள் கொண்டுவருவதுதான்.

இந்தக் கடைசிப் பக்கம் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று பார்க்க வேண்டுமா? 1808 டிசம்பர் 22, வியன்னா. பீத்தோவன் தானே கச்சேரி ஏற்பாடு செய்தார். ஐந்தாம், ஆறாம் சிம்பொனிகள், நான்காம் பியானோ கான்செர்ட்டோ, பாட்டு, கடைசியில் பியானோவும் பாடகர் குழுவும் சேரும் கோரல் ஃபான்டசி. நாலு மணி நேரம், அரங்கில் கடுங்குளிர், ஒத்திகை போதவில்லை. கோரல் ஃபான்டசி நடுவில் குலைந்துபோய் நிறுத்தி மறுபடி தொடங்கினார்கள். உலகின் மகத்தான நிகழ்ச்சிநிரல்களில் ஒன்று. ஒரு நல்ல கலை நிர்வாகி இருந்திருந்தால் அதை இரண்டு மாலைகளாக வெட்டியிருப்பார்.

விளம்பரக்காரர்களையும் விட்டுவிடக் கூடாது. மாலரின் எட்டாம் சிம்பொனியை 1910-இல் ம்யூனிக்கில் அரங்கேற்றியவர் எமில் குட்மன் என்ற ஏற்பாட்டாளர். 'ஆயிரம் பேர் சிம்பொனி' என்று பெயர் கட்டியதும் அவரே. மாலருக்கு அது பிடிக்கவில்லை. சீட்டு விற்றது, பெயரும் ஒட்டிக்கொண்டது.

நடத்துநருக்குக் காய்ச்சல் என்றால் துணை நடத்துநர். அவர் ஒத்திகை முழுக்க அரங்கில் உட்கார்ந்து, எல்லாக் கருவிகளின் வரிகளும் இருக்கும் மூல நோட்டைப் பின்தொடர்வதே அதற்காகத்தான். 1943 நவம்பர் 14 அன்று நியூயார்க்கில் நடத்தவிருந்த புரூனோ வால்டர் படுத்துவிட, துணை நடத்துநராக இருந்த 25 வயது லெனர்ட் பெர்ன்ஸ்டைன் ஒத்திகையே இல்லாமல் மேடை ஏறினார். வானொலியில் நாடு முழுக்க ஒலிபரப்பு வேறு. நூறில் தொண்ணூற்றொன்பது துணை நடத்துநர்களுக்கு அந்த நாள் வருவதில்லை. சும்மா உட்கார்ந்திருந்துவிட்டு வீட்டுக்குப் போவார்கள்.

மேடைக்குப் பின்னால்:

தாமதமாக வந்தேன். மேடை ஆட்களைப் பற்றி ஒருவரும் பேசவில்லை, வழக்கம்தான். நேரலையில் இடைவேளையின்போது கேமராவை அணைக்காத குழு கிடைத்தால் பாருங்கள். முதல் பாதியில் கான்செர்ட்டோ என்றால் பியானோ நடுவில் நிற்கும், அதற்காக முதல் வயலின்கள் பின்னால் தள்ளி உட்கார்ந்திருப்பார்கள். அது வெளியே போனதும் நாற்காலி, ஸ்டாண்டு எல்லாம் முன்னே வர வேண்டும். முன்கூட்டி அளந்து தரையில் ஒட்டிய சின்ன நாடாத் துண்டுகள் இருக்கும், அதைப் பார்த்துத்தான் வைப்போம். கடைசியாக நடத்துநரின் நோட்டை மேடைமேல் திறந்து வைத்துவிட்டு வந்தால் எங்கள் வேலை முடிந்தது.

தாள்காரன்:

எல்லாம் சரி, அந்த நோட்டை வைப்பது நூலகர். எங்கள் குழுவில் மேடை ஆட்களைத் தொடவே விடுவதில்லை.