தேயிலைத் தோட்டத்து ஓரத்தில் வீடு: வளர்ப்பு நாயையும் சிறுத்தையையும் ஒருங்கே காப்பது எப்படி?

கேள்வி: அரவேனு வாசகி

அனைவருக்கும் வணக்கம். கோவையில் பல ஆண்டுகள் வாழ்ந்த நாங்கள், மாமனார் விட்டுச்சென்ற பூர்விக வீட்டைப் பராமரிப்பதற்காக, நீலகிரி மாவட்டத்தில் கோத்தகிரிக்கு அருகிலுள்ள அரவேனுவுக்கு இவ்வாண்டு குடிவந்தோம். மாமியாரும், எங்களோடு வளர்ந்த ஒரு நாட்டு நாயும், ஒரு பூனையும் உடன் வந்துள்ளனர். வீட்டின் பின்புறம் தேயிலைத் தோட்டம். அதைத் தாண்டினால் ஓடையும், அதையொட்டி எஞ்சியிருக்கும் சிறு சோலையும். பொழுது சாயும் நேரத்தில் காட்டெருமைகள் தேயிலைச் செடிகளுக்கு நடுவே இறங்கிவருவதை அன்றாடம் பார்க்கிறோம். கரடி வந்துபோனதாகவும் அக்கம்பக்கத்தினர் சொல்கிறார்கள்.

அண்மையில், எங்களுக்கு இரண்டு வீடு தள்ளி வாசலில் சங்கிலியால் கட்டப்பட்டிருந்த நாயைச் சிறுத்தை கவ்விச் சென்றுவிட்டது. அந்தக் குடும்பத்தின் துயரத்தை அருகில் இருந்து பார்த்தேன். கூண்டு வைத்துச் சிறுத்தையைப் பிடிக்க வேண்டும் என்று வனத்துறைக்கு மனு எழுதி, என்னிடமும் கையெழுத்துக் கேட்டார்கள். காட்டை ஒட்டி வீடு கட்டிக்கொண்டவர்கள் நாம்தானே என்ற எண்ணம் ஒருபுறமும், எங்கள் நாய்க்கும் அதே கதி நேருமோ என்ற அச்சம் மறுபுறமும் இருப்பதால், நான் இன்னும் கையெழுத்திடவில்லை. காவலுக்காக நாயை இரவில் வெளியே கட்ட வேண்டும் என்று சிலரும், அவிழ்த்துவிட்டால் தானே தப்பித்துக்கொள்ளும் என்று வேறு சிலரும் சொல்கிறார்கள். பூனையை வெளியே விடலாமா? தோட்டத்தில் காட்டெருமை நிற்கும்போது என்ன செய்வது? இங்கேயே பிறந்து வளர்ந்தவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

மறுமொழி: கட்டபெட்டு விவசாயி

வணக்கம் அம்மா. கையெழுத்தைப் பற்றிப் பிறகு பேசுவோம். முதலில் இன்று இரவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நாயைக் கட்டவும் வேண்டாம், அவிழ்த்துவிடவும் வேண்டாம். பொழுது சாய்வதற்கு முன்பே வீட்டுக்குள் சேர்த்துவிடுங்கள். சங்கிலியில் கிடக்கும் நாயால் ஓடவும் முடியாது, ஒளியவும் முடியாது; அதன் குரைப்போ, அது இருக்கும் இடத்தைச் சிறுத்தைக்குக் காட்டிக்கொடுக்கிறது. அவிழ்த்துவிட்ட நாய் தேயிலைக்குள் புகுந்து காட்டுப்பன்றியையோ, கேளையாடு என்னும் சிறுமானையோ துரத்தும். பன்றிக்கு வைத்த கம்பிச் சுருக்கில் தானே மாட்டிக்கொள்ளும். வீட்டுக்குள் இடமில்லை என்றால், நான்கு பக்கமும் நெருக்கமான இரும்புக் கம்பியும், மேலே உறுதியான கூரையும், கீழே சிமெண்டுத் தளமும் உள்ள கூடு அமைத்து, இரவில் வெளியிலிருந்து தாழிடுங்கள். மேல்புறம் திறந்த வேலியால் பயனில்லை, ஏனெனில் சிறுத்தைக்கு ஏறுவது மிக எளிது.

அடுத்தது, சிறுத்தை ஏன் குடியிருப்புக்குள் வருகிறது என்பது. இறைச்சிக் கடைக் கழிவையும், உணவகத்து எச்சிலையும், சுற்றுலா வருவோர் வீசும் பொட்டலங்களையும் சாலையோரத்தில் கொட்டுகிறோம். அதைத் தின்னத் தெருநாய்களும் காட்டுப்பன்றிகளும் கூடுகின்றன. அவற்றைத் தேடிச் சிறுத்தை வருகிறது. மானையும் முயலையும் துரத்திப் பிடிப்பதைவிட, குப்பைமேட்டில் கூடிக் கிடக்கும் நாய்களில் ஒன்றைப் பிடிப்பது அதற்கு எளிது. உங்கள் தெருவில் மனு எழுதிய அதே கைகள் உள்ளாட்சி அலுவலகத்துக்கு இன்னொரு மனுவையும் எழுதி, குப்பையை அன்றன்றே அள்ளவும், மூடியுள்ள தொட்டிகளை வைக்கவும், எரியாத தெருவிளக்குகளை மாற்றவும் வற்புறுத்தினால், அதன் பலன் கூண்டைவிட நெடுநாள் நிற்கும். வீட்டைச் சுற்றி மண்டியிருக்கும் உண்ணிச்செடிப் புதரையும் வெட்டிவிடுங்கள். சோலையின் இயல்பான மரஞ்செடிகளைத் தொட வேண்டாம். உண்ணிச்செடி வெளிநாட்டிலிருந்து வந்து பரவிய களை, பதுங்குவதற்கு வசதியான மறைவு.

காட்டெருமையைப் பொறுத்தவரை, அதன் சாதுவான தோற்றத்தை நம்பி நெருங்காதீர்கள். நன்கு வளர்ந்த ஆண் ஆயிரம் கிலோ வரை எடையுள்ளது. அது பெரும்பாலும் மனிதரைத் தாக்க வருவதில்லை. திடீரென எதிரே ஆள் வந்தாலோ, நாய் குரைத்துச் சீண்டினாலோ, வெளியேறும் வழி அடைபட்டாலோதான் பாய்கிறது. நாயை உள்ளே அழைத்துக்கொண்டு, கதவைச் சாத்தி, அது வந்த வழியே திரும்பிச் செல்ல நேரம் கொடுங்கள். பட்டாசு கொளுத்தினால் மிரண்டு பக்கத்து வீட்டு முற்றத்துக்கு ஓடும். இடர்ப்பாடு இடம் மாறுமே தவிரத் தீராது. கேரட்டும் பீட்ரூட்டும் பயிரிடும் நாங்கள் அதனால் இழப்பது உண்மை. ஆனாலும், மேய்ச்சலுக்கு இருந்த புல்வெளிகளில் ஆங்கிலேயர் காலம் தொட்டுச் சீகை (வாட்டில்) மரமும் கற்பூர (யூகலிப்டஸ்) மரமும் நடப்பட்டுப் பரவின என்பதையும், மீதியில் தேயிலையும் காய்கறியும் வந்தன என்பதையும் எண்ணும்போது எனக்கு அந்த விலங்கின் மேல் கோபம் வருவதில்லை.

கரடிக்கு மோப்ப ஆற்றல் மிகுதி, கண்பார்வை குறைவு. பலாவும் கொய்யாவும் பழுத்தவுடன் பறித்துவிடுங்கள். விளக்கெண்ணெய், நெய், அரிசி மூட்டை ஆகியவற்றைத் திண்ணையிலோ ஓட்டைக் கதவுள்ள பின்கட்டிலோ வைக்காதீர்கள். இருட்டில் வெளியே செல்ல நேர்ந்தால் கைவிளக்கோடும், சற்று உரக்கப் பேசிக்கொண்டும் செல்லுங்கள். ஆள் வருவதை முன்கூட்டியே அறிந்த கரடி பெரும்பாலும் விலகிவிடும்.

மறுமொழி: பந்தலூர் ஆசிரியர்

மேலே எழுதிய நண்பரின் அக்கறையை மதிக்கிறேன். ஆயினும், கூண்டு கேட்பவர்களைக் கருணையற்றவர்களாக எவரும் நினைத்துவிடக் கூடாது. 2024 ஜனவரியில் எங்கள் பந்தலூர்ப் பகுதியில் தோட்டத் தொழிலாளர் குடும்பத்தைச் சேர்ந்த மூன்று வயதுக் குழந்தையைச் சிறுத்தை கொன்றது. மக்கள் சாலையில் இறங்கினார்கள். வனத்துறை அந்தச் சிறுத்தைக்கு மயக்க ஊசி செலுத்திப் பிடித்தது. அன்று அது பிடிக்கப்பட்டிருக்கத்தான் வேண்டும். அதில் எனக்கு ஐயமே இல்லை. தோட்டத் தொழிலாளருக்கான வரிசைக் குடியிருப்பில், கதவு சரியில்லாத லைன் வீட்டில் வாழ்ந்துகொண்டு, விடிந்ததும் பிள்ளையை விட்டுவிட்டுக் கொழுந்து பறிக்கப் போகும் தாய்க்கு, சகித்துக்கொள் என்று அறிவுரை சொல்ல எனக்கு வாய் வராது.

ஆனால் மனிதரைத் தாக்கிய சிறுத்தையும், நாயைப் பிடித்த சிறுத்தையும் ஒன்றல்ல, சகோதரி. நாயைப் பிடிப்பது அதன் இயல்பான வேட்டையின் பகுதி. அது ஆளைத் தாக்கும் என்பதற்கு அடையாளமன்று. மகாராட்டிரத்தின் ஜுன்னர் பகுதியில் 2001ஆம் ஆண்டு தொடங்கி, கரும்புத் தோட்டங்களை ஒட்டி வாழ்ந்த சிறுத்தைகளைப் பிடித்துப் பிடித்து வேறு காடுகளில் விட்டார்கள். அதன் பின்னர் மனிதர்கள் மீதான தாக்குதல்கள் குறைவதற்கு மாறாகக் கூடியதை ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். சிறுத்தை தனக்கென எல்லை வகுத்து வாழும் விலங்கு. பழகிய இடத்திலிருந்து பெயர்க்கப்பட்டது அறிமுகமற்ற நிலத்தில் தடுமாறுகிறது. காலியான இடத்துக்கு வேறொன்று வந்துவிடுகிறது. எனவே உங்கள் தெருவில் கூண்டு வைப்பதால் அச்சம் நீங்காது என்றே கருதுகிறேன். மனுவில், இரவு ரோந்தும் கண்காணிப்புக் கேமராவும் வேண்டும் என்று திருத்தி எழுதச் சொல்லிக் கையெழுத்திடுங்கள்.

இன்னொன்று. தேயிலைச் செடிகளுக்கு அடியில் சிறுத்தைக் குட்டிகளைக் கண்டால், எடுக்கவோ, கூடிநின்று படம் பிடிக்கவோ கூடாது. தாய் இரைதேடிச் சென்றிருக்கும். இருட்டியதும் வந்து தூக்கிச் செல்லும். அந்த வரிசையில் கொழுந்து பறிப்பதை நிறுத்திவிட்டு வனத்துறைக்குத் தகவல் சொன்னால் போதும்.

மறுமொழி: குன்னூர் கால்நடை மருத்துவர்

இதுவரை எழுதியவர்கள் காட்டு விலங்கிடமிருந்து நாயைக் காப்பதைப் பற்றிச் சொன்னார்கள். நாயிடமிருந்து காட்டு விலங்கைக் காப்பதும் நம் பொறுப்புத்தான். 2018இல் குஜராத்தின் கிர் காட்டில் இருபதுக்கும் மேற்பட்ட சிங்கங்கள் இறந்தபோது, நாய்களிடையே பரவும் டிஸ்டெம்பர் என்னும் நச்சுயிரி அவற்றின் உடலில் கண்டறியப்பட்டது. நம் மலையில் செந்நாய், சிறுத்தை, புலி, மரநாய் ஆகிய அனைத்துக்கும் அந்நோய் தொற்றக்கூடும். தடுப்பூசி போடாத நாய் ஒன்று ஓடையில் நீர் குடித்து, சோலையோரத்தில் சுற்றித் திரும்பும்போது தன்னோடு எதைக் கொண்டு செல்கிறது, எதைக் கொண்டு வருகிறது என்பதை நம் கண்ணால் பார்க்க முடியாது.

ஆகவே டிஸ்டெம்பர், குடலைத் தாக்கும் பார்வோ ஆகிய நோய்களுக்கான கூட்டுத் தடுப்பூசியைக் குட்டிக்கு ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கி, நான்கு மாதம் ஆகும்வரை இடைவெளி விட்டுத் தொடர வேண்டும். வெறிநாய்க்கடித் தடுப்பூசியை மூன்று மாதத்தில் போட்டு, ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். பூனைக்கும் வெறிநாய்க்கடித் தடுப்பூசி வேண்டும். கருத்தடை செய்தால், துணை தேடி இரவில் வெளியேறுவது பெரிதும் குறையும். வேண்டாத குட்டிகளைச் சந்தையோரத்தில் விட்டுச் செல்லும் கொடுமையும் நிற்கும். அப்படி விடப்படும் குட்டிகள்தாம் நாளைய தெருநாய்கள். ஊட்டியில் டபிள்யூ.வி.எஸ். என்னும் பன்னாட்டுக் கால்நடை மருத்துவத் தொண்டு அமைப்பு நடத்தும் மையத்தில் நாடெங்கிலுமிருந்து வரும் கால்நடை மருத்துவர்கள் கருத்தடை அறுவை சிகிச்சையில் பயிற்சி பெறுகிறார்கள். இந்த மாவட்டத்தில் இருந்துகொண்டு வசதி இல்லை என்று தள்ளிப்போட நியாயமில்லை. நாயோ, குரங்கோ, வேறு காட்டு விலங்கோ எவரையேனும் கடித்துவிட்டால், காயத்தை உடனே ஓடும் நீரில் சோப்பிட்டுப் பதினைந்து நிமிடம் கழுவி, தாமதமின்றி மருத்துவமனைக்குச் செல்லுங்கள். மஞ்சள் தடவுவதும் மிளகாய் வைப்பதும் தீங்கே செய்யும்.

பூனையைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அதை வெளியே விடாதீர்கள் என்பதே என் உறுதியான கருத்து. பூனையும் சிறுத்தைக்கு இரைதான். அதோடு, உலகில் வேறெங்கும் இல்லாத நீலகிரிச் சிரிப்பான் போன்ற பறவைகள் வீட்டு வேலியை ஒட்டிய புதர்களிலும் தாழ்வாகக் கூடு கட்டுகின்றன. குஞ்சு பொரிக்கும் பிப்ரவரி முதல் ஜூன் வரையிலான காலத்தில் ஒரே ஒரு பூனை செய்யக்கூடிய சேதத்தை எளிதாக எண்ண வேண்டாம். வெயில் படும் சன்னலோரத்தில் கம்பி வலையடித்த ஒரு மாடம் அமைத்துக் கொடுத்தால், பூனை மனநிறைவோடு இருக்கும்.

கேள்வி கேட்டவர்: அரவேனு வாசகி

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. பின்கட்டில் நாய்க்கு இடம் ஒதுக்கிவிட்டோம். மனுவைத் திருத்துவது பற்றித் தெருவில் பேசியிருக்கிறேன், இருவர் ஒப்புக்கொண்டார்கள். இன்னொரு ஐயம். என் மாமியார் சனிக்கிழமைதோறும் ஆஞ்சநேயரை நினைத்துக் குரங்குகளுக்கு வாழைப்பழம் வைக்கிறார். நோன்பிருந்து செய்யும் பக்தி அது. தடுக்க எனக்கு மனம் வரவில்லை. இதனால் தீங்கு உண்டா?

மறுமொழி: கட்டபெட்டு விவசாயி

அம்மா, தீங்கு உண்டு. பர்லியார் வழியாகக் குன்னூருக்கு ஏறும் மலைப்பாதையில் வண்டியை நிறுத்திப் பயணிகள் தின்பண்டம் நீட்டுவதால், நாட்டுக் குரங்குகள் நாள் முழுவதும் சாலையிலேயே காத்துக் கிடக்கின்றன. குட்டியை வயிற்றில் சுமந்தபடியே சக்கரத்தில் அடிபடுகின்றன. வீட்டில் பழம் வாங்கிப் பழகியது, பழம் இல்லாத நாளில் சமையலறைக் கதவைத் திறக்கும். பிள்ளை கையிலிருப்பதைப் பிடுங்கும். பிறகு, பிடித்துச் செல்லுங்கள் என்று நாமே புகார் எழுதுவோம். கருமந்திக்கோ இலையைச் செரிப்பதற்கென்றே அமைந்த வயிறு. ரொட்டியும் இனிப்பும் அதற்கு நோயாகும்.

மாமியாரிடம் தடுப்பதாகச் சொல்லாமல், வேறு விதமாகச் செய்யலாம் என்று சொல்லிப் பாருங்கள். சனிக்கிழமைப் பழத்தைக் கோயிலில் படைத்து, அங்கு வரும் பிள்ளைகளுக்குக் கொடுக்கட்டும். மழை தொடங்கும்போது ஓடையோரத்துச் சோலையின் விளிம்பில் நாவல், விக்கி போன்ற இம்மண்ணின் மரக்கன்றுகளை அவர் கையாலேயே நடச் செய்யுங்கள். கோத்தகிரிச் சுற்றுவட்டாரத்தில் சோலை மரக்கன்றுகளை வளர்த்துத் தரும் நாற்றங்கால்கள் உள்ளன. ஜூன் மாதத்துக்கு முன்பே சொல்லி வைத்தால் கன்று கிடைக்கும். நட்ட முதல் இரண்டு ஆண்டுகள் காட்டெருமை மேயாமல் இருக்க முள்கிளைகளைச் சுற்றிலும் நட்டு வையுங்கள். கம்பி வேலி போடவே வேண்டாம்.